இடது எட்டு, வலது ஆறு

யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் செக்கிங் டேபிளில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவளுக்கு வேறு எங்கே போகும்? ஒரு ஜோடி ஷூவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். இடதும் வலதும் ஒரே உயரமா, தையல் ஒரே இடத்தில் திரும்புகிறதா, தோலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். நூலளவு வித்தியாசம் இருந்தால் போதும். சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி, ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவேன். லைனில் இருக்கிற பெண்கள் எனக்கு 'அம்புக்காரி' என்று பட்டம் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. வைத்துக்கொள்ளட்டும். உள்ளுக்குள் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தம்பிக்கு இரண்டு காலும் இரண்டு விதம். பிறக்கும்போது மூச்சு முட்டி மூளையில் அடி பட்டுவிட்டது என்றார்கள். இடது கால் எட்டாம் நம்பர் வரைக்கும் வளர்ந்தது. வலது கால் உள்பக்கமாகத் திரும்பி ஆறோடு நின்றுவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா அவனுக்கு இரண்டு ஜோடி செருப்பு வாங்குவாள், எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று. இடது எட்டும் வலது ஆறும் அவனுக்கு. கழன்று விழாமல் இருக்க அவளே பின்னால் ஒரு வார் வைத்துத் தைத்துவிடுவாள். மிச்சமான வலது எட்டையும் இடது ஆறையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள்.

"எதுக்கும்மா இந்தக் குப்பை?" என்று கேட்டால், "நம்ம புள்ளைக்கு நேர் மாறா கால் இருக்கறவன் எங்கனா ஒருத்தன் இருப்பான்டி. வந்தான்னா குடுத்துடலாம்" என்பாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. அவள் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

மாதனூரில் எங்கள் வீடு ரோட்டை ஒட்டியே இருக்கிறது. சாயங்காலம் கம்பெனி பஸ் என்னை இறக்கிவிடும்போது தம்பி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு மொத்தமே நாலைந்து வார்த்தைதான் வரும். நான் கிட்டே வந்ததும் என் பையைத் தொட்டு, "க்கா, ஷூ?" என்பான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே கேள்வி. முதலில் "கொண்டாறேன்டா" என்றேன். பிறகு "அதெல்லாம் ஃபாரின் போற ஷூடா" என்றேன். ஒருநாள் நாங்கள் பாஸ் பண்ணி அனுப்பிய சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. அத்தனை பேர் எதிரில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மண்டை வெடிக்கிற தலைவலியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினேன். அவன் பையைத் தொட்டான்.

"உனக்கெதுக்குடா ஷூ? எங்க போவப் போற நீ?" என்று கத்திவிட்டேன்.

அவன் அழவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு என் பையை அவன் தொடவே இல்லை. நானும், சரி, தொல்லை விட்டது என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தான். அவனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோது எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் காலைப் பார்த்து அழுதேன். வெறுங்கால். செத்தவர்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் போகிறார்கள், அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் கண் அங்கேயிருந்து நகரவில்லை.

முதல் வருஷ நினைவு நாள் நெருங்கியது. இறந்தவர் பேரில் ஏதாவது ஓர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆம்பூரில் அது பெரும்பாலும் பிரியாணி. சொந்தக்காரர்கள் அண்டா வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். நான் ஒற்றைக்காலில் நின்றேன். சாப்பாடு வேண்டாம், என் தம்பி பேரில் ஷூ கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வெளியே மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேரக் காப்பகம் ஒன்று இருக்கிறது. காலையில் வேன் போய் வீடு வீடாக அழைத்துவரும், சாயங்காலம் கொண்டுபோய் விடும். மொத்தம் இருபத்து நாலு பேர். அதை நடத்துகிறவரை எல்லோரும் 'ஆபா' என்று கூப்பிடுகிறார்கள். உருதுவில் அக்கா. அவருக்குப் போன் செய்தேன்.

"ஆபா, எல்லாருக்கும் லெதர் ஷூ தர்றோம். கால் நம்பர் மட்டும் சொல்லுங்க."

"நம்பர் எப்படிம்மா சொல்றது? ஒரு தடவை நேர்ல வந்து பார்த்துட்டுப் போயேன்."

"வேணாம் ஆபா. தெனமும் நாங்க பார்க்கிற வேலைதானே இது? இப்ப போடற செருப்பு நம்பரைச் சொல்லுங்க, மீதிய நாங்க பார்த்துக்கறோம்."

 பிறகு அவர் ஒவ்வொரு நம்பராகச் சொன்னார். அந்தப் போனை இன்று நினைத்தாலும் கன்னத்தில் நாலு போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மிச்சத் தோலைப் பயன்படுத்திக்கொள்ளக் கம்பெனியில் அனுமதி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஷூவுக்கு அளவு வரைந்து வெட்டுகிற பேட்டர்ன் மாஸ்டரும் வந்தார். கம்பெனி முழுக்க அவர் 'பாய்'தான். என்னோடு சேர்ந்தவர், என்னை மதிக்காத ஒரே ஆள். "எல்லாம் நார்மல் காலா? விசாரிச்சியா?" என்றார். "காலு காலுதான் பாய், வேலையப் பாருங்க" என்றேன். சாயங்காலத்துக்குள் இருபத்து நாலு ஜோடி. ஒவ்வொன்றையும் நானே செக் பண்ணினேன். ஒன்றில்கூட அம்பு ஒட்டவில்லை. இடதும் வலதும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தன.

நினைவு நாளன்று தம்பி படம் போட்ட பேனர், மாலை, ஊதுபத்தி, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. ஒவ்வொருவர் காலிலும் நாங்களே மாட்டிவிட்டு போட்டோ எடுத்தோம். அவர்களில் ஒருவன், முப்பது வயசிருக்கும், ஒல்லியாக, ஒரு வார்த்தையும் பேச வராதவன். அவன் இவன் என்று எழுதுவதற்குக் காரணம் அவனுக்கு என் தம்பி வயசு, தம்பியின் அதே வலது கால். ஷூ மாட்டியதும் குனிந்து காலைப் பார்த்து, "ஊ" என்று ஒரு சத்தம் எழுப்பிக் கையைத் தட்டினான். அந்தக் கால் உள்பக்கம் திரும்பியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, நழுவாமல் இருக்கட்டும் என்று லேஸை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்து தம்பி படத்துக்கு எதிரில் நின்று, "போதுமாடா?" என்று கேட்டேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆபா போன் செய்தார். "ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா" என்றார், காரணம் சொல்லவில்லை. சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கூடத்தில் ஒரு அலமாரி. அதில் இருபத்து மூன்று ஜோடி ஷூ, வரிசையாக, தூசு துடைத்து, பளபளவென்று இருந்தது.

"யாருக்கும் சேரலம்மா" என்றார் ஆபா. "ஒருத்தருக்குக் கால் வீக்கம், ஒருத்தருக்குக் குதிகால் தரையில படாது, ஒருத்தருக்கு விரல் நிமிராது."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ஆபா?"

"உன் தம்பி போட்டோவை எதிர்ல வச்சிருந்தியே. எப்படிம்மா சொல்றது?"

இருபத்து நாலாவது ஜோடி அலமாரியில் இல்லை. அது கைதட்டியவனுடையது. அவன் அதைக் கழற்றவே விடவில்லையாம். வீட்டுக்கும் அதோடுதான் போயிருக்கிறான், தூங்கும்போதும் அதுதான். ஆசையாகப் போட்டிருக்கிறானே என்று அவன் அம்மாவும் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் சாக்ஸில் ரத்தம். கழற்றினால், கணுக்கால் எலும்பின் மேல் தோல் உரிந்து குழியாகப் புண்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து அடி நடக்கிறவன். அங்கே பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் எனக்கு விவரம் சொன்னாள். "புண்ணோட நிக்க வைக்க முடியாதுக்கா. நிக்காமலே இருந்தா முட்டி மடங்கினபடி இறுகிடும். அப்புறம் அவரால நிக்கவே முடியாது." அவன் நின்றால்தான் அவன் அம்மா ஒருத்தியாகத் தோள்கொடுத்து வேனில் ஏற்ற முடியும். தோல் பதனிடுகிற டேனரியில் கூலி வேலை செய்கிற, ஐம்பத்தைந்து வயசுக்காரி. வீட்டில் வேறு ஆள் துணை இல்லை. இப்போதைக்கு ஆபா ஆள் அனுப்பி அவனைத் தூக்கிவரச் செய்கிறார், அது எத்தனை நாளைக்கு? அவன் நிற்பது நின்றுபோனால் காப்பகமும் கிடையாது, வெளியுலகமும் கிடையாது. நாலு சுவர்தான்.

அந்த அம்மாவும் அன்று அங்கே இருந்தாள். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும், அது என் பிறவிக்குணம். "வலிச்சா ஒரு சத்தம் போடக்கூடாதா? காட்டியிருந்தா கழட்டியிருக்கலாமே!" என்று சொல்லிவிட்டேன். வாய் பேச முடியாத ஒருவனைப் பார்த்து. சொன்னது யார்? முப்பது வருஷத்துக்கு மேல் அப்படி ஒருவனோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியவள்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "உன் தம்பி பேரைச் சொல்றதுக்கு எம்புள்ள காலுதான் கெடச்சுதா உனக்கு?" என்றாள்.

பஸ்ஸில் எப்படி வந்தேன் என்று தெரியாது. வீட்டில் அம்மாவிடம் சொல்லி முடித்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு அந்தச் சாக்கை இழுத்து, என் எதிரில் கவிழ்த்தாள். வலது எட்டு, இடது ஆறு, வலது எட்டு, இடது ஆறு. எத்தனையோ பொங்கலுக்கு வாங்கியது, ஒன்றுகூட யார் காலிலும் ஏறாதது. "இன்னாடி, நம்பர் கேட்டியா? இந்த வூட்லயே வளர்ந்துட்டு நம்பர் கேட்டியா?" என்றாள். அவள் மேல் சாய்ந்து அழுதேன். தம்பி செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அரைநாள் லீவு போட்டுக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தேன். சம்பளத்தில் பிடித்தார்கள், பிடிக்கட்டும். ஆபா ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். சோற்றைக் குழையப் பிசைந்து, கன்னத்தின் ஓரமாக வைத்து ஊட்டி, விழுங்கியாயிற்றா என்று தொண்டையைப் பார்த்து அடுத்த வாய் கொடுக்கிற வேலை எனக்குப் பழக்கம். எல்லோரும் என்னிடம் சாப்பிட்டார்கள். அவன் மட்டும் என்னைக் கண்டதும் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வான்.

ஐந்து வாரத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் ஷூ, சாக்ஸ், செருப்பு, எதைக் காட்டினாலும் அலறினான். ஷூ இல்லாமல் நிறுத்தினால் கணுக்கால் மடங்கிக் கீழே விழுவான் என்றாள் பிசியோ பெண். அவன் முட்டி எவ்வளவு நிமிர்கிறது என்று அவள் வாராவாரம் அளந்தாள். வாராவாரம் குறைந்தது. ஷூ வேண்டுமென்றால் கால் அளவு வேண்டும். அளவுக்கு அவன் காலைக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கவில்லை. அவன் அம்மா என்னோடு பேசவும் இல்லை.

"ஒரே பேஜாரா இருக்குது பாய், நான் விட்டுடறேன்" என்றேன் கேன்டீனில். "விட்டுடு. ரிஜெக்ட் பண்றதுதான் உனக்குக் கைவந்த வேலையாச்சே" என்றார் அவர், டீயைக் குடித்துக்கொண்டே. அந்த ஆளை அன்று கொன்றுபோட்டிருப்பேன்.

அம்மாதான் வழி சொன்னாள். தம்பி கடைசியாகப் போட்டிருந்த செருப்பை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தாள். இடது எட்டு, வலது ஆறு, பின்னால் அவள் தைத்த வார். உள்ளே அவன் விரல் பதிந்த கறுப்பு அப்படியே இருந்தது. "இத எடுத்துட்டுப் போ. இன்னா பண்ணுவியோ தெரியாது" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. கூடத்தில் பழுப்புக் காகிதத்தை விரித்து, அவன் நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி அந்தச் செருப்பை வைத்தேன். அவனைப் பார்க்காமல் என் காலைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டேன். உள்ளங்கால் வளைவில் பென்சில் போனதும் கூச்சத்தில் நானே கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். அடுத்த நாற்காலிக்காரி தன் காலை நீட்டினாள். அவளுக்கும் வரைந்தேன். பிறகு ஒருவர் பின் ஒருவராக, சிரிப்பும் கூச்சலுமாகக் காகிதம் நிறைந்தது. வீங்கிய கால், மடங்கிய கால், விரல் ஒட்டிய கால். எதற்கும் எதுவும் ஜோடியில்லை.

அவன் எங்களைப் பார்க்கவில்லை. அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிசு ஒன்று, சின்னது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு நாற்காலிக்கு அடியிலிருந்து வலது கால் மெதுவாக வெளியே வந்து, அந்த ஆறாம் நம்பர் செருப்பின் மேல் விரலை வைத்தது.

நான் மூச்சு விடாமல் காகிதத்தை அடியில் தள்ளினேன். பென்சில் தழும்புக்குக் கிட்டே போனபோது தெரியாமல் அழுத்திவிட்டேன். அவன் முகத்தில் வலி தெரியவில்லை, செருப்பையே பார்த்தபடி இருந்தான். ஆனால் கட்டைவிரல் மட்டும் விறைத்து மேலே தூக்கியது. கையை எடுத்தேன், இறங்கியது. மறுபடி லேசாக அழுத்தினேன், தூக்கியது.

ஐயோ சாமி! அந்த மூன்று நாளும் அவன் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். மூடிய ஷூவுக்குள், என் அருமையான தோலுக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல் அந்த விரல் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு காலை வரைய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் தம்பிக்கு அந்த இரண்டு நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. அவன் காலின் அளவு வரைந்த காகிதம் இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை.

காப்பகத்தில் நான் வரைந்து கொண்டுவந்த காகிதத்தைப் பார்த்ததும் பாய் கிண்டலை நிறுத்திவிட்டார். இரண்டு காலுக்கும் தனித்தனியாகப் பேட்டர்ன் வெட்டினார். கணுக்கால் எலும்பு படுகிற இடத்தில் மெத்து வைத்தார். முன்பக்கத்தைத் திறந்து விடச் சொன்னேன், விரல் வெளியே தெரிய வேண்டும். தைத்து முடித்ததை என் டேபிளில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஷூவைக் காணோம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அதில் ஏழு சிவப்பு அம்பு ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருந்தாள்.

"அக்கா, இத எந்த லூசுக்கா தைச்சது? ரெண்டும் ரெண்டு சைஸு, முன்னாடி தோலே இல்ல!"

"நான்தான்டி அந்த லூசு" என்றேன். லைன் முழுக்கச் சிரிப்பு. ஏழு அம்பையும் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தேன்.

அதை மாட்டிய சனிக்கிழமை நான் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன், கண்ணுக்கு நேரே அவன் கட்டைவிரல். பிசியோ பெண்ணும் அவன் அம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தினார்கள். விரல் தூக்கியது. உடனே கழற்றினோம். குதிகால் பக்கம் லேசான சிவப்பு. எடுத்துக்கொண்டு போய்த் திருத்தினேன். அடுத்த வாரம் மறுபடி தூக்கியது, மறுபடி திருத்தினேன். நாலாவது வாரம் அவன் கம்பியைப் பிடித்து நின்றான். விரல் அசையவில்லை. முட்டி முன்புபோல நிமிரவில்லை, பதினைந்து அடி போன இடத்தில் மூன்று அடிதான் வைத்தான். அந்த மூன்று அடிக்கு அவன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். என்னிடம் அப்போதும் பேசவில்லை.

இந்த வருஷம் தம்பியின் நினைவு நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. பேனர் இல்லை, மாலை இல்லை. மீதி இருபத்து மூன்று பேரில் ஆறு பேருக்குத்தான் இதுவரைக்கும் ஷூ முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் மாசக்கணக்கில் இழுக்கிறது. நான் காப்பகத்துக்குள் நுழைந்தபோது அவனை அப்போதுதான் வேனிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அடிப்பாகம் மாற்றுவதற்காக அவன் ஷூவைப் போன வாரம் நான் எடுத்துப் போயிருந்தேன்.

"அக்கா வந்துட்டுது பாரு" என்றாள் அவன் அம்மா. என்னைக் குறித்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவன் திரும்பிப் பார்த்தான். காலை இழுத்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி, தடவித் தடவி, என் பையைத் தொட்டான்.

"கொண்டாந்துட்டேன்டா" என்றேன்.